மஞ்சள் ஏறாத குழாய்

போன மாதம் நந்தினி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு லேபில் என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். பேச்சில் பாதி சிரிப்பு, பாதி அழுகை.

"அக்கா, ஒரு அம்மா காலையிலேருந்து கவுண்டர்ல ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. மவ மூளையில செரட்டோனின் எவ்ளோ இருக்குன்னு பாத்துக் குடுங்கன்னு. ஏதோ வீடியோ பாத்துட்டு வந்துட்டாங்க. என்னக்கா சொல்றது?"

"மொதல்ல உக்காரச் சொல்லுடி. அப்புறம் மவளுக்கு என்ன பண்ணுதுன்னு கேளு."

மகள் யாரோடும் பேசுவதில்லையாம், சாப்பாடு இறங்கவில்லையாம், தூக்கமும் இல்லையாம். அதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நந்தினி அவர்களை மனநல டாக்டரிடம் அனுப்பிவைத்தாள். செரட்டோனினை ரத்தத்தில் பார்க்க முடியும்தான். ஆனால் அது பெரும்பாலும் குடலில் ஊறுகிற சரக்கு. மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு வேலி உண்டு, கண்டதெல்லாம் அதைத் தாண்டி வராது. ரத்தத்தில் இவ்வளவு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் மூளையைப் பற்றி ஒன்றும் சொன்னதாக ஆகாது. பெரிய ஊர்களில்கூட நோயாளியின் மூளைக்குள் ஊசியை விட்டு அளந்து தர மாட்டார்கள்.

"இதெல்லாம் எழுதிக் குடுங்கக்கா, புதுசா வர்ற புள்ளைங்க படிக்கட்டும்" என்றாள். சரி என்று உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்தால் செரட்டோனின் எங்கே வருகிறது? பூலாம்பாடி வசந்தாதான் வந்து முன்னால் நிற்கிறாள். வரட்டும். அவளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். ஆனால் அவளிடம் போய்ச் சேர்வதற்கு முன்னால் கொஞ்சம் என் தொழிலைச் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் தமிழரசி. பிறந்தது குரும்பலூர். திருச்சியில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். முதல் மாதம் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தேன், அப்புறம் விழவில்லை. என் கல்வி வரலாறு அவ்வளவுதான். பெரம்பலூர் டவுனில் ஒரு அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து வெளியே வந்தேன்.

எங்கள் பக்கம் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மூன்றிலும் பூச்சி விழும். பூச்சிக்கு அடிக்கும் விஷத்துக்கு எங்கள் ஊரில் 'மருந்து' என்றுதான் பெயர். 'மருந்தடிக்கப் போயிருக்காரு' என்றால் வயலுக்குப் போயிருக்கிறார். 'மருந்து குடிச்சிட்டான்' என்றால் வீட்டில் இழவு விழப்போகிறதோ என்று பயந்து தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார்கள். இரண்டு வகை ஆட்களும் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். அவர்களுக்குச் செய்கிற சோதனைதான் என் பாதி வாழ்க்கை.

அது என்ன சோதனை என்று கேட்பவர்களுக்கு நான் பள்ளிக்கூடத்துக் கரும்பலகையைச் சொல்லுவேன். மூளையும் நரம்பும் 'அசை', 'சுரு', 'மூச்சு விடு' என்று உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கின்றன. அந்த உத்தரவை எடுத்துப் போகிற ரசாயனங்களில் ஒன்று அசிட்டைல்கோலின். வாத்தியார் எழுதியதைப் படித்ததும் அழித்துவிட வேண்டும். அழிக்காமல் எழுத்தின் மேலேயே எழுதினால் யாருக்கு என்ன புரியும்? அசிட்டைல்கோலினை அழிக்க உடம்பில் ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த அழிப்பானின் கையைப் பிடித்துக் கட்டிவிடும். அவ்வளவுதான், எச்சில் கொட்டும், கண்மணி கடுகாகச் சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு முட்டும்.

இந்த அழிப்பானில் இரண்டு பேர் உண்டு. ஒருவன் மூளையிலும் நரம்பிலும் வேலை செய்பவன். அவனே ரத்தத்தின் சிவப்பணுக்களிலும் உட்கார்ந்திருப்பான். இன்னொருவன் அவனுக்குத் தூரத்துச் சொந்தம். ஈரலில் பிறந்து, ரத்தத்தின் தெளிந்த நீரில் மிதப்பவன். மருந்து இரண்டு பேரையும் விடாது. மிதப்பவனை அளப்பது சுலபம் என்பதால் நாங்கள் அவனைத்தான் அளந்தோம். உள்ளூரில் இருக்கிற ஆளைப் பார்க்க முடியாதபோது வெளியூர்ச் சொந்தக்காரரிடம் நலம் விசாரிப்பதில்லையா, அந்த மாதிரி.

அளக்கிற விதம் எனக்கு இன்றைக்கும் கை மறக்கவில்லை. ரத்தத்தை உறையவிட்டு, சுழலும் கருவியில் வைத்துச் சுற்றியெடுத்து, மேலே நிற்கும் தெளிவைத் தொட்டு எடுக்க வேண்டும். அதைச் சோதனைக் கரைசலில் விட்டு உடம்புச் சூட்டிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியில் குழாயை நிறுத்த வேண்டும். நல்ல ரத்தமென்றால் கண்முன்னாலேயே மஞ்சள் ஏறும். முதலில் எலுமிச்சைத் தோல், பிறகு சாமந்தி. விஷம் ஏறிய ரத்தத்தில் ஏறாது. குழாய் வெளிறிப்போய் அப்படியே நிற்கும். கருவி எண்ணைச் சொல்லும், ஆனால் எனக்கு எண் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

எங்களுக்கு மேலே இருந்தவர் டாக்டர் சபாபதி. உயிர்வேதியியல் படித்தவர். கோட்டுக்குப் பொத்தானைச் சரியாகப் போட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை, ஒரு பக்கம் ஏறியே இருக்கும். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். 'தமிழு' என்று கூப்பிட்டால் எல்லாம் நலம். 'மேடம்' என்று கூப்பிட்டால் நான் எதையோ கோட்டைவிட்டிருக்கிறேன் என்று அர்த்தம். அளவுக் கருவி மக்கர் செய்தால் மட்டும் அதனோடு வாய்விட்டுச் சண்டை போடுவார். "உன்னைய எடைக்குப் போட்டுடுவேன், பாத்துக்க" என்பார். அதுவும் சமயத்தில் பயந்துகொண்டு வேலை செய்யும்.

அவரிடம் எந்த எண்ணைக் கொண்டு போனாலும் முதல் கேள்வி, "யாரு இது?" என்பதுதான்.

"பதினாலாம் பெட்டு சார்."

"பெட்டுக்கு ரத்தம் ஓடுதா? யாரு இது?"

நான் திரும்ப வார்டுக்கு ஓடுவேன். ஆள் யார், எந்த ஊர், என்ன வேலை, பேசுகிறாரா, கண் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்து சொன்ன பிறகுதான் கையெழுத்து விழும். சேர்ந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். லேப் வேலைக்கு வந்தேனா, தபால் வேலைக்கு வந்தேனா என்று முனகுவேன். அவர் காதில் விழும், ஆனால் கண்டுகொள்ள மாட்டார்.

ஒரு நாள் மருந்தடித்த கையோடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நான் ஊசியை எடுத்தேன். "நில்லு தமிழு" என்றார் சபாபதி சார். ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் கொண்டுவரச் சொன்னார். கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு, அந்த மனிதரின் கையை மடியில் வைத்து முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். நகக்கண்ணைக்கூட விடவில்லை. அந்த மனிதருக்குக் கூச்சம் தாங்கவில்லை.

"ஐயோ சார், நீங்க போயி... விடுங்க சார், நானே கழுவிக்கிறேன்."

"சும்மா இருங்கண்ணே. நீங்க சோளத்துக்கு அடிச்சது தோல்ல ஒக்காந்திருக்கு. ஊசியோட குழாய்க்குள்ள வந்துட்டா ஒங்க ரத்தத்துல இருக்கிறதா, கையில இருந்ததான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அன்றைக்கு எனக்கு அந்த மனுஷன் மேல் வந்த பிரியம் இன்றுவரைக்கும் போகவில்லை. அதற்கப்புறம் தபால் வேலை என்று நான் முனகியதும் இல்லை.

அவர் வைத்த இன்னொரு சட்டம், 'ரெண்டு கை'. மருந்துக் கேஸ் எதுவானாலும் ஒரே ரத்தத்தை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியக்கூடாது. நான் ஒரு கை, மும்தாஜ் இன்னொரு கை. ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமே, அதற்கு எங்கள் கையிலிருந்தே எடுத்துக்கொள்வோம். "நேத்து நான் குடுத்தேன், இன்னிக்கு ஒன்னுது" என்று இருவருக்கும் தினம் பஞ்சாயத்து நடக்கும். மும்தாஜ் நோன்பு இருக்கிற மாதத்தில் மட்டும் நான் வாயைத் திறக்காமல் கையை நீட்டிவிடுவேன்.

மருந்தடிக்கும் பருவம் தொடங்குவதற்கு முன்னால் ஊர் ஊராகப் போய் ரத்தம் எடுத்து வருவோம். ஆளுக்கு ஆள் அளவு மாறும், நல்லா இருக்கும்போது எவ்வளவு என்று தெரிந்தால்தானே குறைந்ததா என்று சொல்ல முடியும் என்பது சார் கணக்கு. ரஞ்சன்குடியில் கோட்டைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தோம். மூளை, நரம்பு என்று சார் விளக்கிக்கொண்டிருந்தாரா, ஒரு பெரியவர் எழுந்து, "மூளைய அளக்குறீங்களா? அப்ப எங்கூட்டுக்காரிக்கு மொதல்ல பாருங்க, இருக்கா இல்லையான்னே சந்தேகமா இருக்கு" என்றார். அந்த அம்மா கூட்டத்துக்குப் பின்னாலிருந்து, "இல்லாமத்தான ஒன்னையக் கட்டுனேன்!" என்று ஒரு போடு போட்டது. சபாபதி சார் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டார்.

இப்போது வசந்தா.

ஓர் ஆடி வெள்ளி மத்தியானம் அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிறந்த ஊர் பூலாம்பாடி, கட்டிக்கொடுத்தது குரும்பலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர், நாங்கள் முன்கூட்டிப் போய் ரத்தம் எடுக்காத ஊர். கணவன் குமார் மக்காச்சோளத்துக்கு மருந்தடித்துக்கொண்டிருக்க, இவள் தண்ணீர் தூக்கி ஊற்றிக்கொண்டிருந்தாள். திடீரென்று வாந்தி எடுத்து வரப்பில் விழுந்துவிட்டாள். பக்கத்தில் மருந்து பாட்டில் மூடி திறந்து கிடந்தது. சேலையெல்லாம் அதே நாற்றம். போதாததற்கு அன்று காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. அண்ணன் பிள்ளை காதுகுத்துக்கு முன்கூட்டியே போக வேண்டும் என்று இவள், மருந்தடித்து முடித்துப் போகலாம் என்று அவன். 'நான் செத்தாத்தான் உங்களுக்கு நிம்மதி' என்று இவள் கத்தியது நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கிறது.

அப்புறம் என்ன, யாரும் வேறு எதையும் யோசிக்கவில்லை. வழியில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்ரோபின் ஊசி போட்டு அனுப்பினார்கள். உயிர் காக்கிற ஊசிதான், போட்டது சரிதான். ஆனால் அது கண்மணியை விரித்துவிடும், வாயை உலர்த்திவிடும், ஆளைப் பிதற்ற வைக்கும். எங்களிடம் வந்து சேரும்போது அவளிடம் எதைப் பார்த்தும் எதையும் சொல்ல முடியாத நிலை.

கையைக் கழுவி நானே ரத்தம் எடுத்தேன். நான் ஒரு குழாய், மும்தாஜ் ஒரு குழாய். இரண்டும் வெளிறிப்போய் நின்றன. அப்படி ஒரு வெளிறலை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மிதக்கிற அழிப்பான் சுத்தமாக இல்லை. சபாபதி சார் சென்னைக்கு ஒரு பயிற்சிக்காகப் போயிருந்தார். நான் எண்ணைக் கொண்டுபோய்த் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த இளம் டாக்டர் அருணிடம் கொடுத்தேன். நல்ல பையன், பயந்த சுபாவம். "இவ்ளோ கொறைவாக்கா?" என்று முகம் வெளுத்துப்போய், எந்த நேரமும் மூச்சு நின்றுவிடலாம் என்று பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். போலீசுக்கும் தகவல் போயிற்று.

மறுநாள் வசந்தா தெளிந்தாள். முதல் வார்த்தையே, "நான் குடிக்கல" என்பதுதான்.

"காலையிலேருந்து வெரதம். பச்சத்தண்ணிகூட பல்லுல படல. வெயிலு மண்டையப் பொளந்துச்சு. கண்ண இருட்டிட்டு வந்துச்சு, விழுந்துட்டேன். அவ்ளோதான் நடந்துச்சு" என்றாள்.

யார் கேட்பது? குடித்தவர்களும் முதலில் அதையேதான் சொல்லுவார்கள். நர்சுகள் தலையை ஆட்டிக்கொண்டார்கள். குமார் கதவோரம் நின்று, "ஏன் வசந்தா இப்படிப் பண்ணுன?" என்று திரும்பத் திரும்ப அழுதான். அவளுடைய அம்மா பூலாம்பாடியில் இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தாள், வர முடியவில்லை. அவளுக்கும் 'ஒங்க மவ மருந்தக் குடிச்சிட்டா' என்று போனில் சொன்னது இவன்தான்.

மாமியார் கெட்டவள் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். வார்டு வாசலில் பேத்தி யாழினியை மடியில் வைத்துக்கொண்டு, வேளைக்குச் சோறூட்டி, கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து காத்துக் கிடந்தாள். ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். என்னிடமே சொன்னாள்.

"பொழச்சு வந்தா மகராசியா இருக்கட்டும் தாயி. ஆனா புள்ளைய அவகிட்ட விடமாட்டேன். இன்னிக்குத் தான் குடிச்சவ, நாளைக்குக் கோவம் வந்தா புள்ளைக்கும் கலந்து குடுக்க மாட்டான்னு என்ன நிச்சயம்? பேத்திய நான் வளத்துக்குறேன். அவ அவங்க அண்ணன் வூட்டுலயே இருந்துக்கட்டும்."

இதை வசந்தாவும் கேட்டிருக்கிறாள். அன்று நான் ரத்தம் எடுக்கக் குனிந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பிடி இரும்பு மாதிரி இருந்தது.

"அக்கா, என் ரத்தம் என்ன சொல்லுது?"

"இன்னும் கொறைவாத்தான் இருக்கு" என்றேன்.

"குடிக்காதவளுக்கு எப்படிக்கா கொறையும்? நல்லாப் பாருக்கா. எம்புள்ளையப் புடுங்கிக்கப் பாக்குறாங்கக்கா."

நல்லா என்றால் இன்னும் எப்படிப் பார்ப்பது? கையைக் கழுவியாயிற்று. சர்க்கரை பார்க்கிற குழாயில் இருக்கும் பொடி இந்த நொதியைக் கெடுக்கும், அதில் எடுத்துவிட்டோமா என்று பார்த்தேன், இல்லை. கரைசலைப் புதிதாகக் கலக்கினேன். என் ரத்தத்தைப் போட்டால் சாமந்திப்பூவாக ஏறுகிறது, அவளுடையது வெளிறி நிற்கிறது. மும்தாஜ் குழாயும் அதேதான். எதிரே கையைப் பிடித்தவள் சொல்வதைக் கேட்டால் உண்மையாகப் படுகிறது. லேபுக்கு வந்தால் குழாய் வேறு சொல்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சில நாள் கழித்து சபாபதி சார் சென்னையிலிருந்து திரும்பியதும் பையைக்கூட இறக்கி வைக்க விடாமல் போய் நின்றேன். எடுத்த எண்களையெல்லாம் சொன்னேன். வழக்கம்போல, "யாரு இது?" என்றார்.

அன்றைக்கு அவர் கேட்டதற்கெல்லாம் என்னிடம் பதில் இருந்தது. ஊர் சொன்னேன், சண்டையைச் சொன்னேன், விரதம் சொன்னேன், பிள்ளையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே எண்களை மறுபடி பார்த்தார்.

"ஆளு எப்படி இருக்கு?"

"நடக்குறா சார், சாப்பிடுறா. மூச்சுத் திணறவே இல்ல. அருண் டாக்டர்தான் நம்பர் ஏறாம விடமாட்டேங்கிறாரு."

"ஏறவே இல்லையா? கொஞ்சங்கூட?"

"இல்ல சார்."

மருந்து குடித்தவர் பிழைத்தால் ஈரல் புது நொதியைச் செய்யத் தொடங்கும், எண் நாளுக்கு நாள் மெல்ல ஏறும். இவளுக்கு விழவும் இல்லை, எழவும் இல்லை. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்கப்பா அம்மா சொந்தமான்னு கேட்டுட்டு வா தமிழு."

ஓடினேன். "எங்கம்மா எங்கப்பாவுக்கு அக்கா மவக்கா" என்றாள் வசந்தா. வந்து சொன்னதும் அவர் கோட்டை மாட்டிக்கொண்டார், பொத்தான் கோணலாகவே.

அன்று மத்தியானம் அவர் செய்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வசந்தாவிடம் உறையாத குழாயில் புதிதாக எடுத்த ரத்தத்தில் தெளிந்த நீரை ஒதுக்கிவிட்டு, அடியில் தங்கிய சிவப்பணுக்களை எடுத்துக்கொண்டார். உப்புத் தண்ணீர் ஊற்றினார், மெல்லக் கவிழ்த்துக் கவிழ்த்துக் கலக்கினார், சுற்றினார், மேலே நின்ற நீரை உறிஞ்சிக் கொட்டினார். மறுபடி உப்புத் தண்ணீர். மறுபடி சுற்று. அரிசி களைகிற மாதிரி களைந்துகொண்டே இருந்தார்.

"மெதக்குறவன் ஒருத்தன்கூட ஒட்டிக்கிட்டு இருக்கக்கூடாது. மூளைக்காரன் மட்டும் தனியா நிக்கணும். அப்பத்தான் அவன விசாரிக்க முடியும்."

கழுவிய அணுக்களை வெறும் நீரில் உடைத்து, சிவப்பு குறுக்கே வராதபடி நீர் விட்டு விட்டு, லேசான ரோஜா நிறம் வரும்வரைக்கும் தண்ணியாக்கினார். ஒரு குழாயை எனக்கு, ஒன்றை மும்தாஜுக்கு. நான் கரைசலை விட்டுத் தொட்டியில் நிறுத்தினேன். கண்ணை எடுக்கவில்லை. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ரோஜா நிறம் மங்கி, அடியிலிருந்து மஞ்சள் கிளம்பியது. எலுமிச்சைத் தோல் ஆயிற்று. பிறகும் ஏறியது. "ஏறுதுடி, ஏறுது!" என்று மும்தாஜ் தன் குழாயைத் தூக்கிக்கொண்டு கத்தினாள். தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்ற சட்டமெல்லாம் அந்த ஒரு நிமிஷம் காற்றில் போயிற்று, சாரும் ஒன்றும் சொல்லவில்லை.

மருந்து உள்ளே போயிருந்தால் இரண்டு அழிப்பானையும் கட்டியிருக்கும். மூளைக்காரன் முழு பலத்தோடு இருக்கிறான், மிதப்பவன் மட்டும் இல்லை. அப்படியென்றால் அவன் பிறவியிலேயே இல்லை. சொந்தத்துக்குள் கட்டும்போது இரண்டு பக்கமும் இருக்கிற ஒரே குறை பிள்ளையிடம் வந்து சேர்ந்துவிடுவதுண்டு. அந்தக் குறையோடு அவள் நன்றாகத்தான் இருந்தாள். யாரும் அளக்காதவரை யாருக்கும் தெரியவில்லை.

"நாமதான் தப்பான ஆள விசாரிச்சுட்டு இருந்திருக்கோம்" என்றார் சார்.

அருண் டாக்டருக்கு இரண்டு குழாயும் போதுமாக இருந்தது. அன்றே எழுதியதைத் திருத்தி, போலீசுக்கும் சொல்லிவிட்டார். ஆனால் மாமியார் மசியவில்லை.

"அன்னிக்கு இல்லன்னு வந்துச்சாம், இன்னிக்கு இருக்குன்னு வருதாம். நாளைக்கு என்ன வரும்? பெரிய டாக்டரு, பாவம், பொம்பளப்புள்ளைன்னு எரக்கப்பட்டுச் சொல்றாரு. எனக்குத் தெரியாதா?"

அவள் கேட்டதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

வசந்தாவின் அண்ணன் முருகேசன் வந்தது அப்போதுதான். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லோடு அடிக்கிற டிரைவர், வெளிமாநிலம் போய் ஊர் திரும்பியவனுக்கு அன்றுதான் சேதி முழுசாகத் தெரிந்திருக்கிறது. தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூசி. லேப் கவுண்டரில் ஓங்கி அடித்தான்.

"எந்தங்கச்சி மருந்து குடிச்சான்னு எழுதுன மகராசி யாரு?"

"நான்தான். கத்தாம கையக் கழுவிட்டு வந்து நீட்டு" என்றேன்.

"எதுக்கு?"

"ஒரே வயித்துல பொறந்தவன்தான? ஒன் ரத்தமும் வேணும். ஒன் தங்கச்சிக்குத்தான்."

தங்கச்சிக்கு என்றதும் கோபம் போன இடம் தெரியவில்லை. "அண்ணே, இன்னும் வேணும்னாலும் எடுத்துக்கங்க" என்று என்னையே அண்ணன் ஆக்கிவிட்டான், அவ்வளவு பதற்றம்.

சபாபதி சார் மாமியாரையும் குமாரையும் லேபுக்குள் கூப்பிட்டார். வெளியாட்களை அவர் உள்ளே விட்டு நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். "நான் சொல்றத நம்ப வேணாம்மா. நீங்களே பாருங்க" என்றார். நான் எப்போதும்போல ஒப்பிட என் கையை நீட்டினேன். மாமியார் என்னைத் தள்ளிவிட்டுத் தன் கையை நீட்டினாள்.

"ஒன்னுது என்னாத்துக்கு? நீயும் அவங்க கச்சிதான். என்னுத எடு, பாப்பம்."

எடுத்தேன். மூன்று குழாய்களை அவள் கண்ணெதிரே தொட்டியில் நிறுத்தினேன். அவளுடைய குழாயில் மஞ்சள் ஏறத் தொடங்கியது. ஏறி ஏறிச் சாமந்தியாயிற்று. வசந்தாவின் குழாய் வெளிறி நின்றது. முருகேசனுடையதும் அச்சு அசலாக அதே வெளிறல். அந்த அம்மா குழாயைப் பார்த்தாள், தலையைத் தூக்கிப் பக்கத்தில் கடா மாதிரி நின்றவனைப் பார்த்தாள், மறுபடி குழாயைப் பார்த்தாள்.

"ஏன்யா, நீயும் குடிச்சிருக்கியா?"

"அத்தே, நான் அரியலூர்லேருந்து நேரா வர்றேன். வழியில டீதான் குடிச்சேன்."

யாராலும் அடக்க முடியவில்லை, மும்தாஜ் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினாள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண்ணில் நீர் நிறைந்துவிட்டது. வெளியே போய், பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த யாழினியைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் நுழைந்து வசந்தாவின் மடியில் கிடத்தினாள். "ஒம்புள்ள, தாயி" என்றாள். பிள்ளையின் தலையை முகர்ந்து முகர்ந்து வசந்தா அழுததைப் பார்த்துவிட்டு நான் லேபுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று சபாபதி சார் அண்ணனுக்கும் தங்கைக்கும் ஆளுக்கு ஓர் அட்டை எழுதிக் கொடுத்தார். ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும்போது தசையைத் தளர்த்த ஒரு ஊசி போடுவதுண்டு, அதை உடம்பில் கரைப்பவன் இந்த மிதப்பவன்தான், இவர்களுக்கு அந்த ஊசி ஆகாது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் முதலில் இதைக் காட்டுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னார். முருகேசன் அதைச் சாமி பிரசாதம் மாதிரி கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

நான் வாசல்வரை போனேன். முருகேசன் லாரியை நிறுத்தி எஞ்சினைப் போட்டிருந்தான். குமார் பையைத் தூக்கிக்கொண்டு, "வூட்டுக்குப் போவலாமா?" என்று மெல்லக் கேட்டான்.

வசந்தா பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவனை நேராகப் பார்த்தாள்.

"குழா சொன்னதும் நம்புனீங்க. நான் சொன்னப்ப ஏன் நம்பல?"

"எல்லாரும் சொன்னாங்க வசந்தா..."

"எல்லாருமா எங்கூடக் குடும்பம் நடத்துனாங்க?"

அவன் பையைக் கை மாற்றிக்கொண்டான். நானும் மாமியாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் பிள்ளையை அண்ணனிடம் கொடுத்துவிட்டு லாரியில் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தவில்லை.

"எங்கம்மா சோறு தண்ணி எறங்காமக் கெடக்கு, மவ மருந்தக் குடிச்சிட்டான்னு. போன் பண்ணிச் சொன்னது நீங்கதான? நீங்களும் ஏறுங்க. நேர்ல வந்து, எங்கம்மா மொகத்தப் பாத்து, ஒங்க வாயால சொல்லுங்க. அவ குடிக்கலன்னு."

குமார் தன் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.

"என்னைய ஏன்டா பாக்குற?" என்றாள் அந்த அம்மா, அவன் கையிலிருந்த பையைப் பிடுங்கி லாரிக்குள் வைத்துக்கொண்டே. "ஏறு. போயி சொல்லு."